சம்மதித்தால் நியாயமாகிவிடுமா?

வாங்குபவர் பிழைக்கிறார், விற்பவரின் கடன் தீர்கிறது. இருவரும் சம்மதித்துச் செய்யும் சிறுநீரக விற்பனை பயன்வாதத்தின்படி நியாயம்தானே? சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது?
– வாசகர், ஈரோடு

கடன் தீர்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-இல் நடத்திய ஆய்வு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சுமார் 86 சதவீதத்தினர் உடல்நலம் சீர்கெட்டதாகச் சொன்னார்கள். பயன்வாதம் விளைவுகளைத்தான் எண்ணச் சொல்கிறது. எண்ணிப் பார்த்தால், விற்பனையைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கமே அது நிற்கிறது. மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற தத்துவஞானி காண்ட்டைத் துணைக்கு அழைக்கவே தேவையில்லை.

தரகரை ஒழித்து நல்ல விலை கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். வலுவான கேள்விதான், ஈரானில் அரசு முறைப்படுத்திய கட்டண ஏற்பாடே இருக்கிறது. ஆனால் அங்கும் விற்க வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. வட்டிக்காரருக்குப் பயந்து கொடுக்கும் சம்மதம், விலை கூடியதால் சுதந்திரமானதாகிவிடாது. நோயாளியைக் காக்க வேறு வழி இருக்கிறது: மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தைத் தமிழ்நாடு 2008 முதல் அரசுத் திட்டமாகவே நடத்துகிறது. அதில் பதிவு செய்யுங்கள். வீட்டாரிடமும் இன்றே சொல்லிவையுங்கள், உங்களுக்கு அந்த நிலை வந்தால் தானத்துக்குக் கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.