சம்பளம் யார் பையிலிருந்து வருகிறது?

போன மாதம் திங்கட்கிழமை விடியற்காலையில் மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா மகனிடம் மூன்று வேலைகள் இருந்தன. மெக்கானிக்கல் முடித்தவன். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனியின் கடிதம் ஒன்று, பன்னாட்டு வங்கியின் பெங்களூரு அலுவலகத்தில் கான்ட்ராக்ட் வேலை ஒன்று, பீன்யாவில் விமான உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்று.

"எது மாமா வளர்ற துறை?"

"அதை விடு. உனக்குச் சம்பளம் குடுக்கிற காசு யார் பையிலேருந்து வருது?"

இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்தியப் பொருளாதாரம் இலக்கணப்படி மந்தத்தில் விழுந்தது 2020இல், கொரோனா முடக்கத்தின்போது. பெங்களூரு ஐடிக்கு மூச்சு முட்டிய 2001, 2008, அப்புறம் 2022 முதல் இன்றுவரை என்ற கணக்கு வேறு. 2023-24 நிதியாண்டில் இன்ஃபோசிஸில் ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 26,000 குறைந்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் வளர்ச்சி ஆறு சதவீதத்துக்கு மேல்தான். அமெரிக்க வங்கியும் கடையும் செலவைச் சுருக்கினால் எலெக்ட்ரானிக் சிட்டியில் தும்மல் வரும்.

முதலில் சர்வீஸ் கம்பெனி. ஆண்டுக்கு 3.36 லட்சம், மாதம் 28,000. பத்து வருடம் முன்பு சேர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதுதான், பி.ஜி. விடுதி வாடகை மட்டும் நிற்கவில்லை. நல்லதையும் சொல்ல வேண்டும்: எந்தப் பிரிவில் படித்தாலும் எடுப்பார்கள், சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருவார்கள், பெயர் பிறகு உதவும். ஆபத்து பெஞ்சில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கணக்கெழுத முடியாத நாளெல்லாம் பெஞ்ச். டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஆண்டுக்கு 225 நாள் பில் ஆக வேண்டும், 35 நாளுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாது. புதிதாகச் சேர்பவர் எந்த புராஜெக்ட் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்பார்கள், இருந்தாலும் கேட்கலாம். ஏனென்றால் டெஸ்டிங், சப்போர்ட் போன்ற வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் அரிக்கிறது. இவன் கடிதத்தில் சேரும் தேதியே இல்லை. 2022இல் இப்படிக் கடிதம் வாங்கிய சிலர் 2024 வரை வீட்டில் காத்திருந்தார்கள்.

அடுத்தது ஜிசிசி எனப்படும் பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த அலுவலகங்கள். இந்தியாவில் 1,700க்கும் மேல். வேறெந்த ஊரையும்விட பெங்களூரில் அதிகம். இதற்கும் காசு வெளிநாட்டிலிருந்துதான், ஆனால் ஒரு திருப்பம் உண்டு: அங்கே சிக்கனம் பிடித்தால் வேலை இங்கே நகர்ந்து வருவதும் நடக்கும். அதனால் நாலைந்து வருட அனுபவம் உள்ளவருக்கு என் முதல் சிபாரிசு இதுவே. புதியவரை நேரடியாக எடுப்பது குறைவு. கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் என்று பாருங்கள். இவனுடையதில் வங்கியின் பெயர் இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர். காலம் 11 மாதம். அவுட்டர் ரிங் ரோடு கேன்டீன்களில் கழுத்து நாடாவின் நிறத்தைப் பார்த்தே யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று சொல்லிவிடலாம். ஆட்குறைப்பில் அந்த இரண்டாவது நிறம்தான் முதலில் காணாமல் போகும், பெரும்பாலும் எந்தச் செய்தியிலும் வராமல்.

ஸ்டார்ட்அப் பற்றி நீட்ட வேண்டாம். முதலீட்டாளர் காசு. 2022இல் 22 பில்லியன் டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

பீன்யா பக்கம் வாருங்கள். இங்கே காசு சுற்றிவளைத்து அரசாங்கத்திடமிருந்து வருகிறது. 2021இல் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லுக்கு 83 தேஜஸ் போர் விமானங்களுக்கான ஆர்டர், 2025 செப்டம்பரில் இன்னும் 97க்கு 62,370 கோடி ரூபாயில். நியூயார்க்கில் பங்குச் சந்தை சரிந்தால் இந்த ஆர்டர் ரத்தாகாது. ஆனால் தாமதமாகும்: அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின்கள் வராமல் விமானங்கள் காத்து நின்றன. பெரிய இடத்தில் பில் தேங்கினால் சிறு முதலாளி சம்பளத்தை பதினைந்தாம் தேதிக்குத் தள்ளுவார். அதனால் ஒரே வாடிக்கையாளரை நம்பும் பட்டறையா என்று விசாரிக்க வேண்டும். நாலு பேருக்குச் செய்கிற இடம் தேவலை. சம்பளம் 18,000தான். பதிலுக்கு, ஐந்து அச்சு சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுதவும், முடிந்த பாகத்தை மைக்ரான் கணக்கில் அளக்கவும் மூன்று வருடத்தில் கை பழகிவிட்டால் ஓசூர், தேவனஹள்ளி, கோவை எங்கும் கேட்பார்கள். இன்னொன்று: ஐடி ஆபீசில் "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்று பத்து வருடம் ஓட்டிவிடலாம், ஷாப் ஃப்ளோரில் மூன்று மாதம்கூட முடியாது.

இதெல்லாம் வேண்டாம் என்று வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் எழுதட்டும், ஒரு வேலையில் இருந்துகொண்டு. வெறுமனே மூன்று வருடம் தயாரானவரிடம் அடுத்த முதலாளி கேட்கும் முதல் கேள்வி அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான்.

அவன் மூன்று இடத்துக்கும் போன் போட்டான். சர்வீஸ் கம்பெனியில் "தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று மெயில் வந்தது. ஏஜென்சி எடுக்கவே இல்லை. பீன்யா முதலாளி தானே பேசி, எத்தனை வாடிக்கையாளர்கள் என்பதற்கு ஆறு பெயர் சொன்னாராம். அக்காவுக்கு 28,000ஐ விட மனசில்லை, எங்களோடு இன்னும் பேசவில்லை. நாங்கள் பீன்யாவுக்கு அருகே ஜாலஹள்ளி பக்கம் ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு.