ஊட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடா? உறைபனிக்கு முன்னாடி பைப்பைக் காலி பண்ணுங்க



வேலை கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இருக்கு. சொந்த வீடு ஊட்டியில. குளிர் தாங்கலன்னு அப்பா அம்மாவும் டிசம்பர்ல உங்ககூட வந்து தங்கிட்டாங்க. சொத்து வரி கட்டியாச்சு, கரண்ட் பில் கட்டியாச்சு, வீட்டையும் பூட்டியாச்சு. ஆனா பைப்புக்குள்ள நிக்கற தண்ணியை யாராவது யோசிச்சீங்களா?

டாக்ஸ், எஸ்ஐபி பேசற இடத்துல பிளம்பிங் எதுக்குன்னு கேட்கலாம். உங்க குடும்பத்தோட மிகப் பெரிய சொத்து அநேகமா அந்த வீடுதான். அதைக் காப்பாத்த ரெண்டு மணி நேர வேலையும் கொஞ்சம் காசும் போதும்.

உறைபனி பைப்பை என்ன செய்யும்?

தண்ணி உறைஞ்சா அதோட கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். மூடின குழாய்க்கும் பனிக்கட்டிக்கும் நடுவுல மாட்டின தண்ணிக்குப் போக்கிடம் இல்லாததால அழுத்தம் ஏறும். பலவீனமான ஜாயின்ட்டோ, வெயில்ல காய்ஞ்சு நொறுங்கற நிலையில இருக்கற பிவிசி பைப்போ விரிசல் விடும். அதனால விரிசல் எப்பவும் பனி உறைஞ்ச இடத்துலயே வரணும்னு இல்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. வானம் தெளிவா, காத்து அசையாம இருக்கற ராத்திரியில கூரையும் புல்லும் தங்களோட சூட்டை வானத்துக்கு விட்டுடும். அதனால தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டினாலும் திறந்தவெளியில இருக்கற பொருள் 0-க்குக் கீழ போகலாம். குளிர்ந்த காத்து பள்ளத்துல போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் மாதிரி இடங்கள்ல உறைபனி அதிகமாத் தெரியறதுக்கு இது ஒரு காரணம். 1,850 மீட்டர்ல இருக்கற குன்னூர்ல இந்த ஆபத்து குறைவு. கூடலூர்ல அதைவிடக் குறைவு.

இதைப் பெரிசுபடுத்தவும் வேண்டாம். ஊட்டியில குளிர் உச்சத்துல இருக்கறது விடியலுக்கு முன்னாடி சில மணி நேரம்தான். பகல்ல 20 டிகிரி பக்கம் போயிடும். சுவருக்குள்ள போற பைப்பு சுலபத்துல உறையாது. மாட்டிக்கறது மொட்டை மாடி பைப்பு, தோட்டத்துக் குழாய், சோலார் ஹீட்டர், இந்த மூணும்தான்.

"நம்ம ஊர்ல அதெல்லாம் வராது"ன்னு கட்டின வீடுகளுக்குத்தான் அடி பலமா விழும். 2021 பிப்ரவரியில அமெரிக்காவோட டெக்சாஸ்ல கடுங்குளிர் வந்தப்போ ஏகப்பட்ட வீடுகள்ல பைப்பு வெடிச்சது. அங்கே நிறைய வீடுகள்ல, சரியான காப்பு இல்லாத கூரையடி இடத்துல பைப்பு போகுது. நம்ம ஊர்ல அது கூரைக்கு மேலயே போகுது!

உண்மையான நஷ்டம் பனியால இல்லை

ஆள் இருக்கற வீட்டுல பைப்பு விரிஞ்சா, காலையில வெயில் வந்து பனி உருகினதும் தண்ணி சொட்டற சத்தம் கேட்கும். வால்வை மூடிட்டு பிளம்பரைக் கூப்பிடுவீங்க. செலவு சில நூறு ரூபாயோட முடிஞ்சிடும். பூட்டின வீட்டுல அதே விரிசலைப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். நிமிஷத்துக்கு 1 லிட்டர் கசிஞ்சா ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். 1,000 லிட்டர் டேங்க் 17 மணி நேரத்துக்குள்ள காலி. மோட்டார் ஆட்டோமேட்டிக்ல இருந்தா அது திரும்பத் திரும்ப நிரப்பும். ரெண்டு வாரத்துல 20,000 லிட்டருக்கு மேல உங்க சீலிங், மரத்தரை, வயரிங் வழியா இறங்கியிருக்கும். ஆக, பைப்பு விலையை விட்டுடுங்க. கசிவு எத்தனை நாள் யார் கண்ணுலயும் படாம ஓடுது என்பதுதான் செலவைத் தீர்மானிக்குது.

டாக்ஸ்ல இதுக்குச் சலுகை உண்டா?

இல்லை. நீங்க குடியிருக்கறதாக் காட்டற வீட்டுக்கு (ரெண்டு வீடு வரை அப்படிக் காட்டலாம்) வருமானம் பூஜ்யம்னு எடுத்துக்குவாங்க. அதனால ரிப்பேர் செலவையும் கழிக்க முடியாது. வாடகைக்கு விட்ட வீடா இருந்தா 30 சதவீதம் கழிவு கிடைக்கும். ஆனா அது நீங்க செலவு பண்ணினாலும் பண்ணாட்டியும் ஒரே அளவுதான்.

30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு செஸ்ஸோட சேர்த்து 31.2 சதவீத வரி. 50,000 ரூபாய் ரிப்பேர் பில் கட்ட அவர் சுமார் 72,700 ரூபாய் சம்பாதிக்கணும். அந்த பில் வராமத் தடுத்தா மிச்சமாகறதும் அதேதான்.

இன்சூரன்ஸ் பார்த்துக்குமா?

ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களையும் விற்கச் சொன்ன 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில், டேங்கும் பைப்பும் வெடிச்சோ வழிஞ்சோ வர்ற சேதத்துக்கு கவர் இருக்கு. ஆனா நாள்பட்ட கசிவும் தேய்மானமும் பொதுவா க்ளெய்ம்ல நிக்காது.

இன்னொண்ணு முக்கியம். ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசியில ஒரு நிபந்தனை உண்டு. வீடு 30 நாளுக்கு மேல ஆள் இல்லாம கிடந்தா, நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி எண்டார்ஸ்மென்ட் வாங்காத வரை கவர் நின்னுடும். ஹோம் லோனோட சேர்த்து எடுத்த பாலிசி எந்த வகைன்னு நிறைய பேர் பார்த்ததே இல்லை. இன்னைக்கே எடுத்து, ஆள் இல்லாத வீடு பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சந்தேகம்னா நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி பதிலை வெச்சுக்குங்க.

பூட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

1. மோட்டார் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. தெருவுல இருந்து வர்ற மெயின் வால்வை மூடுங்க.

2. மேல்மாடியில ஆரம்பிச்சு எல்லாக் குழாயையும் திறங்க. சுடுதண்ணிக் குழாய், ஷவர், ஹெல்த் ஃபாசெட், ஃபிளஷ் டேங்க் எதையும் விடாதீங்க. ஓவர்ஹெட் டேங்க்கையும் காலி பண்ணுங்க. கடைசியா, வீட்டுலயே தாழ்வா இருக்கற குழாய் வழியா மிச்சத் தண்ணி வடியணும். அதைத் திறந்தே விடுங்க.

3. கீசருக்கு முதல்ல கரண்டை நிறுத்துங்க, தண்ணி ஆறட்டும், அப்புறம் வடிங்க. திரும்பி வந்ததும் தண்ணி நிரப்பின பிறகுதான் சுவிட்ச் போடணும். காலி கீசரைப் போட்டா காயில் போயிடும்.

4. சோலார் ஹீட்டர், அதிலும் தட்டைப் பலகை வகை, ராத்திரி வானத்தைப் பார்த்தே கிடக்கறது. டெக்னீஷியனை வெச்சு வடிச்சு, இணைப்பை மூடச் சொல்லுங்க.

5. தோட்டத்துக்குத் தண்ணி தேவைன்னா அந்த லைனை மட்டும் தனி வால்வோட விடுங்க. வெளியில தெரியற பைப்புக்கு ஃபோம் குழாய் மாட்டுங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவுல மலர்ச்செடிகளை மிலார் போட்டு மூடற அதே தத்துவம்தான்: சூடு வெளியே போறதைத் தாமதப்படுத்தறது. வெறும் சாக்கு சுத்தினா மேல பிளாஸ்டிக்கும் சுத்துங்க. நனைஞ்ச சாக்கால பிரயோஜனம் இல்லை.

6. பாத்ரூம் தரை டிராப்ல கொஞ்சம் தண்ணி நிக்கட்டும், இல்லன்னா சாக்கடை நாத்தம் ஏறும். சீக்கிரம் ஆவியாகாம இருக்க மேல ரெண்டு ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஊட்டிக் குளிர்ல அது கட்டியாயிடும்!

7. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சாவி கொடுத்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்க. தடவைக்கு 300 ரூபாய்னு வெச்சாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 13 வாரத்துக்கு 3,900 ரூபாய். மூடின வால்வையும் தண்ணி மீட்டரையும் அவர் போட்டோ எடுத்து அனுப்பட்டும். நாளைக்கு க்ளெய்ம் வந்தா அது ஆதாரம்.

ஏற்கனவே உறைஞ்சிருந்தா? குழாயைத் திறந்து வெச்சுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியைக் குழாய்ப் பக்கத்துல இருந்து சுத்திக்கிட்டே போங்க. கொதிக்கற தண்ணியும் நெருப்பும் கூடவே கூடாது.

இந்த ஏழுல ஒண்ணுதான் முடியும்னா, முதல் வரியைச் செய்யுங்க. மோட்டாரும் மெயின் வால்வும் மூடியிருந்தா, பைப்பு விரிஞ்சாலும் டேங்க்ல இருந்த தண்ணியோட நஷ்டம் நின்னுடும். அப்பாவுக்கு இப்பவே ஒரு போன் போட்டு, மெயின் வால்வு எங்கே இருக்குன்னு கேட்டு வெச்சுக்குங்க.