கால் மைலில் சத்தம் கணக்கில் வராது

காரை வேகமாக்கும் என்று சொல்லிக் கொழும்பில் விற்கப்படும் சாமான்களில் பெரும்பகுதி, காரின் சத்தத்தைத்தான் மாற்றுகிறது. பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கி, ஒருகொடவத்தையிலோ கொலன்னாவையிலோ ஒரு கராஜில் பூட்டி, வெல்லம்பிட்டிப் பக்கம் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, "மச்சான், கார் ஆளே மாறிட்டு" என்கிற பையன்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. காது கேட்பதை முதுகு நம்பிவிடுகிறது.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் புதுக் கார் எடுக்க வழியில்லாதவர், இருக்கிற காரிலேயே காசைப் போட்டார். இந்த வியாபாரம் பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் போட்ட காசு வேகமாக மாறியதா என்பதை வீதியில் வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான்: டிராக் ரேஸ் பாதை. நின்ற இடத்திலிருந்து நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவு இல்லை, பிரேக் பிடிக்கும் சாமர்த்தியம் இல்லை. முடிவில் கையில் வருவது ஓட்ட நேரமும் வேகமும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு.

இந்த விளையாட்டே விமான ஓடுபாதையில் வளர்ந்தது. கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் 1950இல் கட்டணம் வாங்கி டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கியது ஒரு விமான நிலையத்தில்தான். நம் பக்கத்தில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை ஓடுபாதை, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்து, பிறகு கார்ப் பந்தயம் பார்த்த இடம். சென்னைக்கு வடக்கே சோழவரத்துக்கும் அதே கதை. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் திறக்கும்வரை தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயம் அந்தப் பழைய ஓடுபாதையில்தான் உயிர் வாழ்ந்தது.

சரி, கராஜ் வாசலில் கேட்கும் கதைகளுக்கு வருவோம்.

"பத்து குதிரை கூடினா ஒரு செக்கன் குறையும்"

குறையாது. கால் மைல் நேரம், எடையை எஞ்சின் வலுவால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தோடு ஏறி இறங்குகிறது. டிராக் ரேஸ் உலகில் பலகாலமாகப் பயன்படும் கணக்கு இது. பெரும்பாலான கார்களுக்கு வியக்கத்தக்க அளவு ஒத்துவரும். கனமூலம் என்பதில்தான் காசு காணாமல் போகிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1070 கிலோ வரும், 100 குதிரைவலு உள்ள ஒரு சின்னக் காரை எடுங்கள். கணக்குப்படி 16.7 செக்கன். நிஜமாகவே 10 குதிரை கூடினால் 16.2. அரைச் செக்கன்தான். 5 குதிரை கூடினால் கால் செக்கனுக்குச் சற்று மேல். வலுவை முழுதாக இரட்டித்து 200 ஆக்கினாலும் நேரம் பாதியாகாது, 13.3க்குத்தான் இறங்கும். பாதியாக வேண்டுமென்றால் எட்டு மடங்கு வலு வேண்டும்.

பெட்டிகளின் மேல் அச்சிட்ட எண்களைக் கூட்டுவது இன்னொரு பிழை. ஃபில்டருக்கு 10, சைலன்சருக்கு 10, பிளக்குக்கு 5 என்று கூட்டி 25 என்கிறார்கள். பிளக்கிலிருந்தே தொடங்கலாம்: நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இரிடியம் பிளக் வலுவைக் கூட்டாது. அதன் நன்மை அதிக காலம் உழைப்பது. பழைய பிளக் தேய்ந்து தீப்பொறி தவறிக்கொண்டிருந்த காரில் போட்டால் வித்தியாசம் தெரியும். அது சாதாரண புது பிளக்கிலும் தெரிந்திருக்கும்.

"கூம்பு ஃபில்டர் போட்டா எஞ்சின் நல்லா மூச்சு விடும்"

பொனட்டைத் திறந்து பாருங்கள். கம்பனி வைத்த காற்றுப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் முன்பக்கம் போகும். அதன் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ரேடியேட்டருக்கு மேலேயோ, வெளிக் காற்று படும் இடத்தில் இருக்கும். பார்க்க அழகில்லைதான். கூம்பு ஃபில்டர் பூட்டும்போது முதலில் கழற்றி எறிவது அந்தக் குழாயை. பளபளப்பான கூம்பு இப்போது ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால், எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சினின் சொந்தச் சூட்டையே உறிஞ்சுகிறது.

காற்று சூடாகும் ஒவ்வொரு 3 பாகை செல்சியசுக்கும் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு வீதம் குறைகிறது. வெளியே 32 பாகை இருக்க, வரிசையில் நின்று சூடேறிய பொனட்டுக்குள் 50 பாகை இருந்தால், கோட்டைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் காற்றில் ஐந்து வீதத்துக்கும் மேல் போய்விட்டது. கொழும்புக் காற்று ஏற்கெனவே நமக்குச் சாதகமாக இல்லை. 31 பாகை வெப்பத்தில், 80 வீத ஈரப்பதத்தில், நம் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசன், பொறியியல் நூல்கள் அளவுகோலாக வைக்கும் 15 பாகை உலர்ந்த காற்றைவிட எட்டு ஒன்பது வீதம் குறைவு. குளிர்ந்த நுவரெலியா இதற்குப் பரிகாரம் என்று நினைக்க வேண்டாம். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடக்கும் அந்த உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

கம்பனிப் பெட்டியில் ஒரு சுத்தமான தட்டை ஃபில்டர், குழாய் அதே இடத்தில். அது போதும். கூம்பு தருவது கர்ஜனை மட்டும்.

"எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேணும்"

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு: "குழாய் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லம்." இரண்டு கட்சியும் பிழை. எந்த எஞ்சினுக்கும் புகையைத் தடுக்கும் அழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது புகை ஓடும் வேகம். ஒரு சிலிண்டரின் புகை விரைந்து வெளியேறும்போது அதன் பின்னால் உண்டாகும் இழுப்பு, சிலிண்டரில் மிச்சமுள்ள புகையையும் உருவி எடுக்கிறது. குழாயை மிதமிஞ்சிப் பெருப்பித்தால் வேகம் செத்து, கீழ்ச் சுற்றுகளில் இழுவை குறைகிறது. கார் கிளம்பும் இடத்தில் தேவைப்படுவதே அந்த இழுவைதான். நான்கு அங்குல வாயுள்ள பின்பக்க சைலன்சர் மட்டும் மாற்றுகிறவர், தடை எங்கே இருக்கிறதோ அதைத் தொடவேயில்லை. தடை மேனிஃபோல்டிலும் கெட்டலிட்டிக் கொன்வேட்டரிலும் இருக்கிறது. டர்போ காரில் டர்போவுக்குப் பின் வரும் குழாயை மாற்றினால் நிஜமாகவே பலன் வரும். சாதாரண காரில் வருவது அயலவரின் சாபமும் பொலிஸ்காரரின் துண்டும்தான்.

"95 அடிச்சா கார் பறக்கும்"

கொலன்னாவையில் இருந்துகொண்டு இதை நம்புவது வேடிக்கை. துறைமுகத்திலிருந்து குழாய் வழியாக வரும் எண்ணெயில் பெரும்பகுதி நாட்டுக்குப் பிரிந்து போவது அங்குள்ள தாங்கித் தொகுதி வழியாகத்தான். 92, 95 என்பது பெற்றோலில் உள்ள சக்தியின் அளவு இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. 92க்கு வடிவமைத்த எஞ்சினில் 95 ஊற்றினால் காசு எரியும், நேரம் குறையாது. ஆனால் டர்போ எஞ்சின், கூடிய கம்பிரஷன் உள்ள எஞ்சின், நொக் சென்சரை நம்பி டைமிங்கை முன்னுக்குத் தள்ளும்படி டியூன் செய்த எஞ்சின் ஆகியவற்றில் பலவற்றுக்கு 95 அவசியம். அங்கே 92 ஊற்றுவதுதான் ஆபத்து.

சில சாமான்களுக்கு ஒரு வரி போதும். பெடல் கொன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி, கால் மிதியைக் கொஞ்சம் அழுத்தினாலே நிறைய அழுத்தியதாக எஞ்சினுக்குச் சொல்கிறது. டிராக் பாதையில் மிதி ஏற்கெனவே தரையோடு இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? ஜப்பான் கார்களின் 180 கிலோமீட்டர் வேகத் தடையை நீக்குவதும் அப்படித்தான். மேலே சொன்ன 100 குதிரைக் கார் முடிவுக் கோட்டைக் கடப்பதே 131இல். எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றி எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

எல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஈசியூ ரீமப், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றுவது, டர்போ இல்லாத காரில் ஒரு சில வீதம்தான் தரும். ஆனால் டர்போ காரில் இருபது முப்பது வீதம் தருவது சாதாரணம். ஜப்பான் கார்களில் இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அந்நாட்டுக் கம்பனிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட உடன்பாட்டின்படி 2004வரை உள்நாட்டில் விற்ற எந்தக் காரின் வலுவும் காகிதத்தில் 280ஐத் தாண்டவில்லை. லான்சர் எவலூஷனும் இம்ப்ரெஸாவும் அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த எஞ்சினால் அதற்கு மேலும் முடியும். நம் ஊர் வீதிகளில் ஓடும் 660 சீசீ டர்போக்களுக்கும் அதேபோல 64 என்ற கூரை. அந்தக் கூரையைக் கழற்றினால் நேரம் உண்மையாகவே குறையும். கூடவே கிளட்ச், கியர்பெட்டி, எரிபொருள் பம்ப் எல்லாவற்றுக்கும் கணக்கு வரும். எஞ்சினுக்குள் நைட்ரஸ் வாயுவை ஊட்டுவதும் உண்மையான பலன் தரும்: எடையில் 36 வீதம் ஒட்சிசன் அதில் இருக்கிறது, காற்றில் 23தான். நம் 100 குதிரைக் காருக்கு இன்னொரு 50 குதிரை ஊட்டினால் 14.6க்கு வரும். பெற்றோல் அளவு ஒருமுறை பிசகினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இனி, யாரும் அழகுக்காக வாங்காத விஷயம்: டயர்.

சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது முழு நேரத்தை இல்லை. முதல் 60 அடி, அதாவது முதல் 18 மீட்டர் எடுத்த நேரம். அங்கே ஒரு பத்தில் ஒரு செக்கன் மிச்சம் பிடித்தால் முடிவில் ஒன்றரை மடங்காவது திரும்பி வரும். ஏனென்றால் மிச்சமுள்ள தூரம் முழுதும் அந்தக் கூடிய வேகத்தோடுதான் ஓடுகிறீர்கள். நம் கார்களில் பெரும்பாலானவை முன்சில்லு இழுப்பவை. கிளம்பும்போது பாரம் பின்னுக்குச் சாய, இழுக்க வேண்டிய சில்லு லேசாகி வழுக்குகிறது. அங்கே 10 குதிரை கூட்டினால் வழுக்கல்தான் கூடும். இருக்கிற வலுவைத் தரையில் இறக்க வல்ல மென்மையான ரப்பர் உள்ள நல்ல டயர் இரண்டு, சரியான காற்றழுத்தம், கிளட்சைச் சுட்டுவிடாமல் விடப் பழகிய இடது கால். அந்த இரண்டு டயரின் விலை ஒரு பெயர்போன சைலன்சரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதற்கு நேர் எதிராக நம்மவர் செய்வது, 14 அங்குல சில்லைக் கழற்றி 17 அங்குல அலோய் பூட்டுவது. பெரும்பாலும் எடை கூடும், அதுவும் சுற்றும் எடை. சில்லின் ஓரத்தில் கூடும் ஒரு கிலோ, முடுக்கும்போது டிக்கியில் ஏற்றிய கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். டிக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. மேலே சொன்ன கணக்கில் 50 கிலோ குறைப்பதும் 5 குதிரை கூட்டுவதும் ஒன்றுதான். ஸ்பெயார் வீல், ஜக், பின்சீட், அந்த வூஃபர் பெட்டி ஆகியவற்றை இறக்கி வைத்தால் அதில் பெரும்பங்கு வந்துவிடும். செலவு பூச்சியம். ஆனால் டிக்கியில் வூஃபரோடு வந்து ஃபில்டரைப் பற்றிக் கேட்கும் தம்பியிடம் எந்தக் கராஜ் பாஸும் அதை இறக்கச் சொல்வதில்லை. அதில் அவருக்கு வியாபாரம் இல்லையே.

"முதல்ல போனவன்தான் வேகமான கார்க்காரன்"

இதுவும் பிழை. கார் கோட்டிலுள்ள ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரம் எண்ணப்படுகிறது. பச்சை விளக்கு விழுந்து ஓட்டுநர் கிளம்ப எடுத்த நேரம் தனி. ஒருவர் 0.3 செக்கனில் கிளம்பி 16.4இல் ஓடுகிறார். மற்றவர் 0.7இல் கிளம்பி 16.2இல் ஓடுகிறார். கார் வேகமானது இரண்டாமவருடையது, வென்றவர் முதலாமவர். அதனால் நண்பனை முந்தியதை வைத்து ஃபில்டரைப் புகழ வேண்டாம்.

சீட்டில் புகழத்தக்க எண் இன்னொன்று: முடிவுக் கோட்டின் வேகம். ஓட்டுநரின் கிளப்பல் பிசகினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. பெரும்பாலும் எஞ்சின் வலுவையும் காரின் எடையையும் பொறுத்தே ஏறி இறங்கும். 10 வீதம் வலு கூடியிருந்தால் 131ஆக இருந்தது 135 ஆகியிருக்க வேண்டும். வேகம் அப்படியே இருந்து நேரம் மட்டும் குறைந்திருந்தால் முன்னேறியது ஓட்டுநரோ டயரோ, பூட்டிய சாமான் இல்லை. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழையதில் சில ஓட்டம், புதியதில் சில ஓட்டம், மறுபடி பழையதில் ஓட்டம். காலை எட்டு மணி ஓட்டத்தையும் நடுப்பகல் ஓட்டத்தையும் ஒப்பிட வேண்டாம். வெயில் ஏறினாலே நேரம் மாறும்.

அடுத்த முறை ஒரு சாமானைக் காட்டி "பாஸ், இது எவ்வளவு கூட்டும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதைப் பூட்டுறதுக்கு முன்னும் பின்னும் ஓடின சீட்டு ரெண்டு இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் இரண்டிலும் முடிவு வேகத்தைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் முன்சில்லுக்கு இரண்டு டயர் வாங்குங்கள். எதை வாங்கினாலும், ஓடிப் பார்ப்பதற்கு மூடிய பாதையில் கழகங்கள் நடத்தும் நாளுக்குப் பதிவு செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவிசாவளை வீதி அதற்கான இடம் இல்லை.