குருதியில் வரும் செய்தி

1895ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவரிடம் பெண்ணொருவர் வந்தார். மார்பகத்தில் தோன்றிய புற்றுக்கட்டியை முன்னரே அறுத்தெடுத்திருந்தும் நோய் மீண்டும் பரவியிருந்தது. பீட்சன் மார்பகத்தைத் தொடவில்லை. வயிற்றைத் திறந்து இரு அண்டகங்களையும் நீக்கினார். சில திங்களில் கட்டிகள் சுருங்கி மறைந்தன. நோய் பின்னாளில் திரும்பியதாயினும், அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை வியக்க வைத்தது.

பசுவின் அண்டகத்தை நீக்கினால் பால்சுரப்பு நெடுநாள் நீடிக்கும் என்று உழவர் சிலர் அறிந்திருந்ததே அவரது சிந்தனைக்கு வித்து. மருத்துவர் கற்க மறந்ததை மாட்டுத்தொழுவம் கற்பித்தது எனலாம். ஓர் உறுப்பு தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பை எவ்வாறு ஆள்கிறது என்பதை அன்று எவரும் விளக்கக்கூடவில்லை. 'ஹார்மோன்' என்னும் சொல்லே 1905இல்தான் வழக்கிற்கு வந்தது. நாளமில்லாச் சுரப்பிகளில் உருவாகிக் குருதியில் கலந்து, உடலெங்கும் செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களே ஹார்மோன்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்னும் செய்தி

அண்டகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மார்பகச் செல்களைப் பிரிந்து பெருகத் தூண்டுகிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபுப்பொருள் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பு மிகுந்தால் பிழை நேரும் வாய்ப்பும் மிகும். எனவே, இளமையில் முன்னதாகப் பூப்பெய்தியோர்க்கும் மாதவிடாய் காலந்தாழ்ந்து நிற்போர்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். மகப்பேறும் பாலூட்டலும் அவ்வாய்ப்பைக் குறைக்கின்றன. கன்னித் துறவியரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்துள்ளார். முப்பது நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த அறிக்கையோ, ஒரு பெண் பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு திங்களுக்கும் நோய்வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது.

மாதவிடாய் முற்றிலும் நின்றபின் அண்டகம் ஓய்ந்துவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? இங்குதான் உணவு நுழைகிறது. உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, ஆண்தன்மை ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அதுவும் ஒரு சுரப்பியைப் போலவே இயங்குகிறது. உடற்கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் அளவும் உயர்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு அதன் செயலை மட்டுப்படுத்தும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குகிறது. உயர்ந்த இன்சுலின் அப்புரதத்தைக் குறைத்துவிடுவதால் கட்டற்ற ஈஸ்ட்ரோஜன் குருதியில் பெருகுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் உடற்பருமன் நோய்வாய்ப்பைக் கூட்டுவதற்கு இவை முதன்மைக் காரணங்கள். வியப்பு யாதெனில், மாதவிடாய் தொடரும் வயதில் பருமன் இவ்வாறு நோய்வாய்ப்பைக் கூட்டுவதில்லை. ஒரே உடல், ஒரே கொழுப்பு. காலம் மாறினால் கணக்கும் மாறுகிறது.

உணவும் ஆய்வும்

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு மாபெரும் ஆய்வொன்று நடந்தது. ஒரு பிரிவினர் உணவில் கொழுப்பைக் குறைத்தனர். மற்றவர் வழக்கம்போல் உண்டனர். ஏறத்தாழ எட்டாண்டுகளுக்குப் பின், 2006இல் வெளியான முடிவில் கொழுப்பைக் குறைத்தோரிடம் நோய் 9 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஆயினும் அவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்றே ஆய்வாளர் நேர்மையுடன் எழுதினர். ஆகவே 'இக்கீரை புற்றை விரட்டும்', 'அப்பொடி கட்டியைக் கரைக்கும்' என்னும் விளம்பரங்களை ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை. சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தாவரப்பொருள் உண்டு. எனினும் சோயாவை உணவாக உண்பது நோயை வளர்க்கும் என்னும் அச்சத்திற்குச் சான்றில்லை. மதுவின் செய்தி வேறு. அது ஈஸ்ட்ரோஜன் அளவை உயர்த்துவதோடு நோய்வாய்ப்பையும் கூட்டுகிறது. சிறிதளவு அருந்தினும் இது பொருந்தும்.

அதே ஆய்வுத் திட்டத்தின் மற்றொரு பிரிவில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை தரப்பட்டது. மார்பகப் புற்று கூடியதால் 2002இல் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் பலர் அம்மாத்திரையைக் கைவிட்டனர். மறு ஆண்டே அந்நாட்டில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுவோர் எண்ணிக்கை குறைந்தது. ஹார்மோனின் வலிமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

உடல் உழைப்பு

இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்வதால் இன்சுலின் தேவை குறைகிறது. கொழுப்பு கரைய, அதன்வழி வரும் ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும், பெரியோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அளவிலும் உடலை இயக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. விளையாட்டுத் திடல்தான் வேண்டும் என்பதில்லை. நாற்று நடுதலும் நீர் சுமத்தலும் மிதிவண்டி ஓட்டுதலும் இக்கணக்கில் சேரும். ஆனால் போதிய உணவின்றி உடலை வருத்தும் இளம்பெண்களுக்கு மாதவிடாய் தடைப்பட்டு, எலும்பு நலிவதும் உண்டு.

உணவும் உழைப்பும் வாய்ப்பைக் குறைக்கவல்லவை. காப்புறுதி தருபவை அல்ல. பாலினமும் வயதும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவுமற்ற பெண்களிடமே ஏறத்தாழப் பாதி மார்பகப் புற்றுகள் தோன்றுகின்றன. சிலருக்குப் பெற்றோர்வழி வந்த மரபணு மாற்றம் காரணமாகிறது. நூற்றில் ஒன்றோ அதனினும் குறைவாகவோ ஆண்களிடமும் காணப்படுகிறது. எனவே, நோயுற்ற தாயையோ அத்தையையோ நோக்கி, 'நீங்கள் உண்டதால் வந்தது' என்று கூறுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அன்பிற்கும் பொருந்தாது. 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 6,70,000 பேர் இந்நோயால் இறந்தனர். நாணத்தாலும் அச்சத்தாலும் மறைக்கப்படும் கட்டி, மருத்துவரிடம் காலந்தாழ்ந்தே வந்து சேர்கிறது. தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியின்மையை நலம் என்று கொள்வதே பலரைத் தாமதிக்கச் செய்கிறது. மார்பகக் கட்டிகளில் மிகப் பல புற்று அல்ல. எது புற்று என்பதைப் பரிசோதனையே உறுதிசெய்யும்.