ட்ரோன் அப்புறம் வாங்கலாம், தம்பி



திண்டிவனம், மயிலம், ஒலக்கூர் பக்கம் ஊர்க் கபடிப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் கொடுக்கும் இளைஞர்களில் பலருக்கு முதல் ஆசை ட்ரோன். கடன் வாங்கியாவது வாங்கிவிடத் துடிக்கிறார்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். போதாக்குறைக்கு, கபடி மேலிருந்து பார்க்கும் ஆட்டமும் அல்ல.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக், ரெய்டுக்கு 30 விநாடி என்று திரையில் ஓடும் கடிகாரத்தோடு இந்த ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. முதல் சீசனையே 43.5 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு அணிகள் புதிதாகச் சேர்ந்தன. ஸ்கோரும் நேரமும் பார்ப்பவருக்குச் சட்டென்று புரிந்ததுதான் அங்கே பாதி வெற்றி.

உன் பணமும் பார்ப்பவருக்குத் தெளிவாகப் போய்ச் சேரும் வழியில் போகட்டும். முதலில் இணையம். மதியம் நன்றாக ஓடிய நேரலை, இரவு அரையிறுதியில் நின்று சுற்றும். திடலில் கூடிய அத்தனை பேரும் ஒரே டவரைப் பிடித்திருப்பார்கள். 720பி தரத்துக்கு யூடியூப் கேட்பது சுமார் 4 எம்பிபிஎஸ் அப்லோடு, 1080பிக்கு 10. பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து ஒயர் இழு. மாற்றுக்கு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள். 720இல் நிற்காமல் ஓடினாலே போதும்.

அடுத்தது சத்தம். புள்ளி விழுந்ததும் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போடுவது நம் பக்கத்து வழக்கம். அது உன் ஒளிபரப்பில் ஏறினால் காப்பிரைட் கிளைம் வரும். ராத்திரி கண்விழித்தது நீ, விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்கு. மைக்செட்காரரிடம் சொல்லி வர்ணனை மைக்கை மட்டும் தனி ஒயரில் வாங்கு. ஒரு டீயில் முடிகிற வேலை.

சேர்த்துவைக்கும் வீடியோதான் சொத்து. கிரிக்கெட்டைப் பார்: டென்னிஸ் பந்தில் தொடங்கிய சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர் நடராஜனின் யார்க்கர்கள் 2016 டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) தொடரின்போது தொலைக்காட்சியில் ஓடின. அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. விக்கிரவாண்டிப் பையன் ஒருவன் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டு வந்தால், அவன் பெயர், அணி, தேதியோடு அதைத் தனித் துண்டாக வெட்டிப் போடு. பயிற்சியாளருக்கு அனுப்ப அவனிடம் ஒன்று இருக்கும். ஆறு மணி நேர நேரலைக்குள் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

யூடியூப் விளம்பரப் பணத்தை மட்டும் நம்பாதே. 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் தேறவேண்டும். அதுவரை சோறு போடுவது போட்டிக் கமிட்டி தரும் தொகையும், ஸ்கோர்போர்டின் ஓரத்தில் பெயர் போடும் உள்ளூர் நகைக்கடையும் டிராக்டர் ஷோரூமும்தான். காணும் பொங்கல் போட்டிக்கு முன்பே கமிட்டியிடம் எழுதி வாங்கிவிடு: தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, வீடியோ யாருக்குச் சொந்தம். கையெழுத்தாகாமல் கேமராவைத் தூக்காதே.