ஹிமா: காப்பு நிலத்தின் சட்டம்

காட்டையும் அதில் வாழும் பிராணிகளையும் காப்பது அரசாங்கத்தின் வேலை, அதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். நமது ஃபிக்ஹு நூல்களில் 'ஹிமா' என்றொரு பாடமே இருக்கிறது.

ஹிமா என்பது பொது நன்மைக்காகத் தடுத்து வைக்கப்படும் நிலம். அறியாமைக் காலத்தில் அது வேறு விதமாக இருந்தது. பலமுள்ள தலைவன் மேட்டில் ஏறித் தன் நாயைக் குரைக்கச் செய்வான். அவ்வோசை எட்டிய தூரம் வரை புல்லும் நீரும் அவனுக்கே சொந்தம். ஏழையின் ஆடு அங்கே வாய் வைக்க முடியாது.

நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் ரஸூலுக்குமே உரியது, தனி மனிதர் எவருக்கும் அன்று என்று அறிவித்தார்கள். மதீனாவைச் சுற்றி 12 மைல் எல்லையைக் காப்பு நிலமாக்கினார்கள். மதீனாவின் புனித எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். அங்கே மான்கள் மேயக் கண்டாலும் அவற்றை வெருட்டமாட்டேன் என்று ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் கட்டளை

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் ஹிமாவின் பொறுப்பை ஹுனைய் என்னும் ஊழியரிடம் ஒப்படைத்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவை அஞ்சிக்கொள்ளும்படி அவரை எச்சரித்தார்கள். சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உடையவனை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உதுமான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கும்படியும் கட்டளையிட்டார்கள். அவ்விருவரின் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள்.

கவனியுங்கள்! சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவருக்கே தடை! காப்பு நிலத்தில் யாரை முதலில் தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? விறகு பொறுக்கும் கிழவியைக் காட்டிலிருந்து விரட்டிவிட்டு, அதே காட்டில் செல்வருக்குச் சுரங்கம் தோண்ட அனுமதி கொடுத்தால், அது ஹிமா அல்ல. பழைய நாய் குரைப்புதான்.

தடையே வேண்டாம் என்பதும் தீர்வாகாது. சவூதி அரேபியாவில் 1953ஆம் ஆண்டு அரச ஆணையால் கோத்திரங்களின் ஹிமாக்கள் நீக்கப்பட்டன. அதன்பின் காப்பவர் இல்லாமல் பல மேய்ச்சல் நிலங்கள் பாழாயின.

இன்றைய உலமாக்கள்

இந்தோனேசிய உலமா சபை 2014ஆம் ஆண்டு 4ஆம் எண் ஃபத்வாவை வெளியிட்டது. அழியும் நிலையிலுள்ள புலி, யானை, காண்டாமிருகம், ஒராங்குட்டான் போன்றவற்றைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்றது. அத்தோடு நில்லாமல், அப்பிராணிகளுக்குக் கேடு செய்யும் நிறுவனங்களின் அனுமதிகளை மறுபரிசீலனை செய்யும்படி அரசையும் கேட்டுக்கொண்டது. வேட்டைக்காரனிடம் ஹராம் என்று சொல்வது எளிது. அனுமதி வழங்குபவரிடம் நீதியைக் கேட்பதும் உலமாக்களின் கடமையே.

பூமி நம்மிடம் விடப்பட்ட அமானத். அதை நீதியோடு காக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.