பாலர் வகுப்புக்குப் புரட்டாசிப் பாடம்

செப்டம்பர் பிறந்தால் ஞாயிறு பாலர் வகுப்பு எடுக்கும் நம் தொண்டூழியர்கள் அச்சிட என்ன தாள் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவோம். 'இலையுதிர்காலம்' என்று தட்டினால் போதும், படங்கள் கொட்டும். மேப்பிள் இலை, பூசணிக்காய், ஓக் மரத்துக் கொட்டையைக் கொறிக்கும் அணில். அழகான படங்கள்தான். ஆனால் அதற்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டப்போகும் நாலு வயசுப் பிள்ளை இருப்பது செங்காங்கில். மேப்பிள் மரத்தை அது தொட்டதில்லை. அந்த இலை காலடியில் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டதில்லை. தீட்டி முடித்த தாள் பைக்குள் போகும், பையிலிருந்து குப்பைத் தொட்டிக்குப் போகும்.

பருவத்தைச் சொல்லித்தரவே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நம் கையருகே இருக்கிற பருவத்தைச் சொல்லித்தரலாம் என்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. குளிர்நாடுகளில் பகல் குறுகி, குளிர் ஏற ஏற, அதை அடையாளமாக வைத்து மரங்கள் இலையைக் கழிக்கின்றன. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். அதனால் இங்கே எல்லா மரமும் சேர்ந்து உதிர்க்கும் ஒரு காலம் கிடையாது. தமிழில் நமக்கு வேறு கணக்கு உண்டு. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழையும் அதன்பின் வரும் ஈரக் குளிரும் இந்தக் கணக்கின் அடிப்படை. வடமொழி மரபில் இதே சமயம் சரத் ருது. சாரதா நவராத்திரி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் ஆனால் இடி இடித்துக் கொட்டுகிறதே, அந்த மழையைப் பார்த்த பிள்ளைக்கு 'கார்', 'கூதிர்' என்பவை மேப்பிளைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றார்கள். 2020ல் அது 2.5 விழுக்காடு. நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம்தான். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் படம் காட்டிச் சொன்ன சொல் மறந்துவிடும், மோந்து பார்த்த இலையின் பெயர் நிற்கும். என் அனுபவத்தில் நான் கண்டது இது.

இலையிலிருந்தே தொடங்கலாம்.

சிங்கப்பூரில் ஒரு மரம் மட்டும் நமக்காகவே சிவக்கிற மாதிரி இருக்கும்: நாட்டு வாதுமை. ஊரில் பாதாம் மரம் என்பார்கள், மலாயில் கெத்தாப்பாங். கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்து நிற்கும். கடற்கரைப் பூங்காக்களில் நிறைய, வீவக பேட்டைகளிலும் உண்டு. இலை ஒரு பிள்ளையின் முகத்தளவு. உதிரும் முன் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாறும். வருஷத்துக்கு ஓரிரு முறை இலை கழிக்கும், அதுவும் மரத்துக்கு மரம் வேறுபடும். ஒன்று சிவந்து நிற்க, பக்கத்தில் நிற்பது பச்சையாகவே இருக்கலாம். ஆகவே வகுப்புக்கு முந்தின நாள் உங்கள் புளோக்கைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். மரத்திலிருந்து பறிக்காதீர்கள், நடைபாதையில் விழுந்து கிடப்பது போதும். இயற்கைக் காப்பு வனங்களில் விழுந்ததையும் தொடாமல் வருவதே முறை.

இலைகளைத் தரையில் கொட்டிவிட்டு நான் சொல்வது ஒன்றே ஒன்று: "இதுல யாரு தம்பி, யாரு தாத்தா?" பிள்ளைகள் தாங்களே வரிசை கட்டுவார்கள். பிறகு பெயர் சொல்ல வேண்டும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இலையின் ஒவ்வொரு வயதுக்கும் தமிழில் தனிப் பெயர் இருக்கிறது. ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது நமக்கே ஓர் இன்பம். கொழுந்தும் தளிரும் தரையில் கிடைக்காது. தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையிலோ துளசியிலோ காட்டிக்கொள்ளலாம். தளிரைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சருகைக் காதருகே கசக்கச் சொல்லுங்கள். 'சரசர' என்ற சத்தம் கேட்டதும் சருகு என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஒரு குட்டிப் பெண் தன் பாட்டியின் கையைத் தொட்டுக் காட்டி "இது பழுப்பு" என்றாள். பாட்டி சிரித்தார். நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

அடுத்தது தேக்கா. இதற்கு ஒரு ஞாயிறு காலை தனியாக ஒதுக்குங்கள். நாலு பிள்ளைக்கு ஒரு அண்ணனோ அக்காவோ கட்டாயம் வேண்டும். ஈரச்சந்தைத் தரை வழுக்கும், கூட்டமும் அதிகம். (தேக்கா என்பதே ஹொக்கியன் சொல், மூங்கிலின் அடி என்று பொருள். பக்கத்துத் தெருவுக்கு எருமையின் பெயர். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டுப் பட்டிகள் இருந்தன. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், "எருமை எங்கே?" என்று வழி முழுக்கத் தேடுவார்கள்.) பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளிலும் கேம்பல் லேன் பக்கத்துப் பூக்கடைகளிலும் ஆறு இலை வாங்கலாம்: வாழை, மா, வெற்றிலை, வேம்பு, கறிவேப்பிலை, துளசி. காசு கொடுத்து வாங்குங்கள். கடைக்காரரிடம் "அக்கா, இது என்ன இலை?" என்று பிள்ளையே கேட்கட்டும். தமிழில் கேட்டுத் தமிழில் பதில் கிடைக்கும் இடம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது என்பதை அது கண்ணால் பார்க்கட்டும்.

வகுப்புக்குத் திரும்பியதும் கண்ணை மூடி மோப்ப விளையாட்டு. கறிவேப்பிலையை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், துளசிக்குத்தான் திணறுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போன பிள்ளை மட்டும் "கோயில் வாசம்" என்று சொல்லும். பிறகு தாளுக்கு அடியில் இலையை வைத்து மேலே கிரேயானைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வாழையின் நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும். மாவிலையில் வலை மாதிரிப் பின்னும். வாழையிலையை நரம்பு போகிற போக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் முரண்டு பிடிக்கும். மாவிலை அப்படியல்ல. ஏன் என்பதை மூன்று வயதில் விளக்க வேண்டாம். விரல் அதைத் தெரிந்துகொண்டால் போதும், தாவரவியல் பிறகு வரும். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவது பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. உருவியது வீட்டு ரசத்துக்குப் போகட்டும்.

விதைகளுக்கு வருவோம். இங்கே கவனம் தேவை, ஆகவே நிதானமாகப் படியுங்கள். நடைபாதைகளில் பளபளவென்று சிவப்பாகக் கிடக்கும் சாகா விதைகள் தெரியுமல்லவா? தமிழில் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி. முழுச் சிவப்பு, எடையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நாலு விதை சுமார் ஒரு கிராம். அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் இதை எடைக்கல்லாக வைத்து நிறுத்தார்கள். குன்றிமணி என்பது வேறு. அது சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ளது, கடும் நச்சு. கறுப்புப் புள்ளி இருந்தால் வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது. மஞ்சாடியையும் வாயில் போடவிடக்கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்குச் சின்ன விதை எதுவும் தரவே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு மஞ்சாடியும் பல்லாங்குழியும் நல்ல ஜோடி. பதினாலு குழி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது கணக்குப் பாடம்தானே! பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும். மலாய் நண்பர்கள் வீட்டில் சொங்காக் இருக்கும், இதன் நெருங்கிய சொந்தம் அது. பாலர் பள்ளியில் "எங்க வீட்டிலயும் இருக்கு" என்று சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்கும்.

சுண்டல் பாடம் இரண்டு வாரம் ஓடும். செராங்கூன் ரோட்டுக் கடையில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குவளை. இரண்டிலும் அரைக் குவளைக் கடலை, ஒன்றில் மட்டும் நிறையத் தண்ணீர். குவளையில் கடலை எதுவரை இருக்கிறது என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மறுநாள் ஊறினது இரண்டு மடங்குக்கு உப்பியிருக்கும். வகுப்பு வாரம் ஒருமுறைதான் என்பதால், சனிக்கிழமை இரவு நீங்கள் ஊறவைத்துக் கொண்டுவர வேண்டும். பச்சைப்பயறை ஈரத் துணியில் கட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். முளை விட்டதும் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஊறுதல், உப்புதல், முளைத்தல், வேகுதல்: நாலு வினைச்சொல், நாலும் கண்ணெதிரே நடக்கிறது. சுண்டலை நன்றாக வேகவைத்து, சின்னவர்களுக்கு மசித்துக் கொடுங்கள். வீட்டில் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலுவைப் பற்றி ஒரு கருத்து. பெரும்பாலும் நாம் பிள்ளைகளைக் கொலு முன்னால் உட்காரவைத்து "தொடாதே" என்கிறோம். கோயில் கொலுவில் அது நியாயம். வகுப்பில் தொடுவதற்கென்றே ஒரு கொலு வைக்கலாமே! காலணிப் பெட்டிகள் ஐந்தோ ஏழோ எடுத்துப் படி கட்டுங்கள், ஒற்றைப்படையில். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்துகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை போன்றவை ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நாலறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. கொலுப் படிகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கமும் இதை ஒட்டியதுதான்: கீழே செடிகொடி, மேலே போகப் போக மனிதர், மகான்கள், தெய்வங்கள். பிள்ளைகள் களிமண்ணில் தாங்கள் பார்த்ததைச் செய்யட்டும். மைனா, நீர்நாய், ஆழ்துளிக் கடைக்கு வரும் பூனை, எதுவானாலும் சரி. எந்தப் படி என்று அவர்களே வாதாடட்டும். ஒரு பையன் எம்ஆர்டி ரயில் செய்துவிட்டு, "இதுக்கு எத்தனை அறிவு?" என்று கேட்டான். படிக்குப் பக்கத்தில் தரையில் ஊர், பூங்கா என்று அமைப்பது நம் வழக்கம் அல்லவா, ரயில் அங்கே போயிற்று. உயிரற்றது ஏன் படியேறவில்லை என்று அவர்களே அரை மணி நேரம் பேசினார்கள்.

விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி, விரல் பிடித்து 'அ' எழுதவைப்போம். இதைச் சடங்கு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பென்சில் கொடுக்கும் முன் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்தார். கை வடிவத்தை அறிந்த பிறகே எழுத்து என்பது அவர் முறை. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போரினால் நாடு திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பிள்ளைகளோடு இயற்கையைப் படித்தார். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன. ஆகவே விஜயதசமியன்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். அரிசித் தட்டை அடுத்த நாலு வாரமும் வையுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டாம், பக்கத்தில் நீங்கள் எழுதினால் அது பார்த்து எழுதும். 'இ' சுழியில் சிக்கினால் இலைக்குப் போங்கள், இலைக்கு முதல் எழுத்து அதுதானே.

மழைக்கு ஒரு குவளை போதும். இடி நின்ற பிறகு மட்டும் வெளியே போங்கள். மழைக்கு முன் வைத்துவிட்டு வந்த நேர்ச்சுவர்க் குவளையில் தண்ணீர் எத்தனை விரல் என்று அளந்து, தாளில் அத்தனை கோடு போடச் சொல்லுங்கள். ஐப்பசி முடியும்போது எந்த வாரம் பெரிய மழை என்று பிள்ளையே சொல்லும். அளந்த கையோடு குவளையைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தாலும் போதும். கவிழ்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், அதற்குத்தான் சண்டையே வரும்.